சல்லடைச் சத்தத்துக்கு வராத ஆமைகள்

மட்டாஞ்சேரி பஜாரில் ஒரு சரக்கு வேண்டுமென்றால் அதைப் பார்க்கக் கூடாது. பக்கத்துச் சாக்கைப் பார்க்க வேண்டும். அதையும் கொட்டாவி விட்டபடி பார்க்க வேண்டும். வேண்டிய மிளகை அள்ளி முகர்ந்து, பேச்சுவார்த்தை நின்றுபோன சம்பந்தியைத் தெருவில் கண்ட மாதிரி முகத்தைச் சுளித்து, "இதைக் காட்டவா இந்த வெயில்ல கூப்பிட்டீர்?" என்று கேட்க வேண்டும். முப்பது வருஷம் மிளகுத் தரகு செய்து நான் சேர்த்த சொத்து என்றால் இந்த முகம்தான். அதைப் பதினோரு ஆமைக்குஞ்சுகள் மூன்றே வருஷத்தில் கெடுத்துவிட்டன.

எண்பத்துமூன்றாம் வருஷம், மே மாதக் கடைசி. மழை வருகிற வழியாக இல்லை. என் மனைவி கமலாக்ஷி எறணாகுளத்தில் ஒரு பெண்கள் கல்லூரியில் விலங்கியல் டீச்சர். தினமும் காலையில் மட்டாஞ்சேரி ஜெட்டியில் போட் ஏறிப் போவாள், சாயங்காலம் போட்டில் திரும்புவாள். அன்று திரும்பும்போது கையில் ஒரு மூங்கில் கூடை, பின்னால் காக்கி உடுப்பில் ஒரு ஆள்.

"இவர் ஃபாரஸ்ட் ரேஞ்சர் விஸ்வேஸ்வரன். திருப்பூணித்துறை," என்றாள் கமலா. "ஆலுவா பஸ் ஸ்டாண்டுல யாரோ இதுகளை விக்க வெச்சிருந்தானாம். பிடிச்சுண்டு வந்தூட்டார்."

கூடைக்குள் பார்த்தேன். சாத்துக்குடியைப் பாதியாக வெட்டிக் கவிழ்த்து வைத்தது போல் பதினொன்று. மலைக்காட்டில் பிரம்புப் புதருக்கடியில் வாழ்கிற காட்டாமையின் குஞ்சுகள். காட்டுத்தீயில் பாதியும் குழம்புச் சட்டியில் பாதியுமாக அந்த இனம் வருஷத்துக்கு வருஷம் குறைந்துகொண்டே வருகிறது என்றார் ரேஞ்சர்.

"அப்படின்னா உடனே காட்டுல கொண்டு விட வேண்டியதுதானே?" என்றேன்.

"விட்டா ஒரு வாரம் தாங்காது. ஓடு இன்னும் அப்பளம் மாதிரி இருக்கு. கீரிக்கும் காக்காய்க்கும் பலகாரம். ஓடு கெட்டியாற வரைக்கும் வளர்த்துட்டு விடணும். மூணு வருஷம்."

"அதுக்கு உசந்த மதில், நெழல், ஈரம் எல்லாம் உள்ள ஒரு எடம் வேணுமாக்கும்," என்றாள் கமலா. சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை. சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தாள். கொட்டாவி கூட விட்டாள். பதினைந்து வருஷம் என்னோடு குடித்தனம் செய்து, என் வித்தையையே எடுத்து என் மேல் பிரயோகம் செய்கிறாள்.

அப்படி ஒரு இடம் எங்கள் கோடவுனுக்குப் பின்னால் இருந்தது. பலா மரம், பாசி பிடித்த மதில், பழைய கிணறு. என் வியாபாரப் பங்காளி அனந்தநாராயணன் அண்ணாவிடம் சொன்னபோது அவர் வெற்றிலையை வாயில் ஒதுக்கிக்கொண்டார்.

"ஆமை பூந்த வீடும் அமீனா பூந்த வீடும் உருப்படாதுன்னு கேட்டதில்லையோ நீ?"

"இது வீடில்லை அண்ணா, கோடவுன். அமீனா ஏற்கெனவே ரெண்டு தடவை பூந்தாச்சு. உருப்பட்டுண்டுதானே இருக்கோம்? ஆமைதான் பாக்கி."

அண்ணா சிரித்துவிட்டார். சிரித்தால் பேரம் முடிந்தது என்று அர்த்தம்.

இடத்தைப் பார்க்க வந்த ரேஞ்சர், மிளகை எப்படித் தரம் பார்க்கிறோம் என்று என்னிடம் கேட்டார். இந்தக் கேள்வியை யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருக்கிற ஜாதி நான். குத்தூசியை எடுத்து ஒரு சாக்கில் குத்தி, வழிந்த மிளகை உள்ளங்கையில் ஏந்திக் காட்டினேன்.

"முழுச் சாக்கையும் கொட்டிப் பார்க்க வேண்டாம். இந்த ஒரு பிடி போரும். பிடி நன்னாருந்தா சாக்கு நன்னாருக்கு. பிடி மோசம்னா முழுச் சாக்கும் ரிஜெக்ட்."

"நல்ல ஏற்பாடு," என்றார் ரேஞ்சர். பிறகு கமலாவிடம் திரும்பினார். "டீச்சர், ஒரே ஒரு கண்டிஷன். காட்டுக்குப் போற ஆமை மனுஷாளைக் கண்டா ஒளியணும். கிட்ட வர்ற ஆமையை அன்னைக்கே குழம்பு வெச்சுடுவா. மூணு வருஷம் கழிச்சு நான் வந்து பார்ப்பேன். பழக்கம் பிடிச்சிருந்தா காட்டுக்கு விடமாட்டேன். ஆயுசு பூராவும் மிருகக்காட்சி சாலையில கம்பிக்குள்ளதான். வேற குஞ்சும் உங்க கையில தரமாட்டேன்."

"பழக்கம் பிடிக்காது," என்றாள் கமலா.

அவள் பேரில் குற்றமில்லை. ஜன்னல் வழியாக ஒரு மூங்கில் குழாயைச் சாய்த்து வைத்தாள். தழையும் பழமும் நறுக்கி அதன் வழியாக உருட்டிவிட வேண்டும். ஒரு நாள் விடியற்காலை, ஒரு நாள் சாயங்காலம். போடுகிற கையை ஆமை பார்க்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை எடை பார்க்க அவள் ஒருத்திதான் உள்ளே போவாள். ஓட்டின் ஓரத்தில் புள்ளி வைத்து ஒன்று முதல் பதினொன்று வரை அடையாளம். "பேர் வைக்கப்படாது," என்று எங்கள் எல்லோரிடமும் சொன்னாள். "பேர் வெச்சா கூப்பிடத் தோணும்."

ஒரே வாரத்தில் எல்லாவற்றுக்கும் பேர் வந்துவிட்டது. ஏலக்காய், ஜாதிக்காய், திப்பிலி, கடுக்காய். பதினோராவது, ஓடு கோணி, உடம்பெல்லாம் சுருங்கி இருந்ததால் சுக்கு. பேர் வைத்தது நானில்லை, மூக்கம்மாள். எங்கள் கோடவுனில் மிளகு சலிக்கிறவள், கம்பம் ஊர்க்காரி. "நம்பர் சொல்லிக் கூப்பிட இதென்ன செயிலா சாமி?" என்று என்னையே கேட்டாள்.

தவறு நடந்தது இரண்டாம் வருஷத்தில்.

எங்கள் பஜாரில் ஒரு வழக்கம் உண்டு. காலையில் முதல் பேச்சு தொடங்குமுன் வாயில்லாத ஜீவன் ஒன்றுக்கு ஏதாவது போட வேண்டும். குஜராத்தி சேட்டுகள் புறாவுக்குத் தானியம் இறைப்பார்கள். எதிர்க் கடைக்காரருக்கு ஒரு ஆடு. அந்த ஆட்டுக்கு வாழைப்பழம் கொடுக்காமல் அவர் தராசைத் தொடமாட்டார். எங்கள் கோடவுனுக்கு மட்டும் அப்படி ஒன்று வாய்க்காமலிருந்தது. ஒருநாள் காலை கமலா போட் ஏறிப் போனபின் பின்கட்டுக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தேன். கையில் ஒரு பலாச்சுளை. கீழே விழுந்துவிட்டது. சுக்கு தின்றது. அவ்வளவுதான். அன்று மத்தியானம் மிளகு விலை குபீரென்று ஏறிற்று.

தற்செயல் என்று நீங்கள் சொல்லலாம். வெளிநாட்டில் எங்கோ விளைச்சல் குறைவு என்று பத்திரிகைக்காரனும் சொன்னான். பஜாரில் அந்த வார்த்தைக்குச் செலாவணி கிடையாது. மறுநாளும் ஒரு சுளை கீழே விழுந்தது. விலை மறுநாளும் ஏறிற்று. அந்த வருஷம் முழுக்க ஏறிக்கொண்டே இருந்தது. இந்த ராசி எனக்கு மட்டும் தெரிந்த ரகசியம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எண்பத்தாறு ஏப்ரல். ரேஞ்சர் வருவதற்கு நாற்பது நாள் இருந்தது. ஜெட்டிக்குப் போன கமலா பத்தே நிமிஷத்தில் திரும்பி வந்தாள். போட்டுக்காரர்கள் திடீர் ஸ்டிரைக், போட் ஓடவில்லை. எங்களுக்கு அது தெரியாது. எட்டரை மணி வழக்கப்படி மூக்கம்மாள் அன்றைய முதல் சல்லடையை ஆட்டினாள்; தினமும் என் சுளை விழுகிற நேரமும் அதுதான். மிளகு மூங்கிலில் உருண்டு, மழை தொடங்கினாற்போல் ஒரு சத்தம். நான் பின்கட்டுக் கதவைத் திறந்தேன்.

வாசற்படிக்குக் கீழே பதினொன்றும் வந்து நின்றன. ரேஷன் கடை க்யூ கூட அவ்வளவு ஒழுங்காக இராது. முன்னால் சுக்கு, கழுத்தை நீட்டிக்கொண்டு. தேங்காய்மூடி அளவுக்கு வளர்ந்த கெட்டி ஓடுகள், கறுப்பும் மஞ்சளுமாக, வெயிலில் பளபளவென்று. நான் குனிந்தேன். அன்று பார்த்துப் பக்கத்தில் இன்னொரு கை நீண்டது. அனந்தநாராயணன் அண்ணாவின் கை, அதில் வெள்ளரிக்காய். அந்தப் பக்கம் மூக்கம்மாளின் கை; அதில் செம்பருத்திப் பூ.

"அண்ணா, நீங்களுமா?"

"நான் ஒரு வருஷமா போடறேன். நீ எப்போலேர்ந்து?"

"சாமிமாரே, நான் ரெண்டு வருசமாப் போடுறேன்," என்றாள் மூக்கம்மாள். "நீங்க போன பொறகு."

"ஏன், நான் கூடத்தான் போட்டிருக்கலாம்," என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "எனக்குத்தான் புத்தியில்லை. குழாய் வழியா உருட்டிண்டிருந்தேன்."

கமலா. தோளில் பை, கையில் குடை. மூன்று கைகளும் சட்டென்று முதுகுக்குப் பின்னால் போயின. வெள்ளரிக்காய் மட்டும் கீழே விழுந்தது. ஜாதிக்காய் அதைக் கடித்தது.

நான் வாயைத் திறந்தேன். "கமலா, இது வந்து, பஜார்ல ஒரு வழக்கம்..."

"ஏன்னா, மூணு பேரும் நன்னா வளர்த்திருக்கேள். ஆமையில்லை, நாய்க்குட்டி." குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "இதுகளைக் காட்டுல விட்டா, விறகு பொறுக்க வர்றவா காலடிச் சத்தம் கேட்டு எதிர்ல போய் நிக்கும். சட்டி கொண்டு வந்தியான்னு கேக்கும். மூணு வருஷம். மூணு வருஷம் நான் வாரா வாரம் எடை எடுத்தது கம்பிக்குள்ள அடைக்கவா?"

அவள் கண்ணில் நீர் வந்தது. என் மனைவி அழுது நான் பார்த்தது அதற்கு முன் ஒரே தடவை, என்னைக் கல்யாணம் செய்துகொண்ட அன்று.

"டீச்சரம்மா," என்றாள் மூக்கம்மாள், "கழுத, நான் இனிமே சல்லடையே ஆட்டல. சத்தம் இல்லேன்னா அதுக வராதுல்ல?"

கமலா மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அழுகை போய் டீச்சர் வந்துவிட்டாள். "சல்லடையை நிறுத்தினா மறக்காது. ஒரு வருஷம் கழிச்சு காட்டுல அந்த மாதிரி சத்தம் கேட்டாலும் ஓடி வரும். தினமும் ஆட்டணும். சத்தம் கேக்கணும், சாப்பாடு வரப்படாது. கிட்ட வர்றதைத் தூக்கணும். ஆமைக்கு நாலு காலும் தரையில இருக்கணும். தூக்கினா அதுக்கு பூகம்பம். சல்லடைன்னா பூகம்பம்னு படிஞ்சுடணும்."

"யார் தூக்கறது?" என்றார் அண்ணா.

கமலா அவரையே பார்த்தாள்.

மறுநாள் காலை எட்டரை. சல்லடை ஆடிற்று. பதினொன்றும் வந்தன. நாங்கள் மூவரும் கல்லாக நின்றோம். வேண்டிய சரக்கைப் பார்க்காமல் இருப்பது எனக்குக் கைவந்த கலை. ஆனால் சரக்கு நம்மைப் பார்த்தால் என்ன செய்வது என்று பஜாரில் எவனும் கண்டுபிடித்து வைக்கவில்லை. சுக்கு கழுத்தை நீட்டி என் முகத்தையே பார்த்தது. நான் பலா மரத்தைப் பார்த்தேன். மூக்கம்மாள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். அண்ணா கையில் சாக்குத் துணியைச் சுற்றிக்கொண்டு உள்ளே இறங்கி, ஒவ்வொன்றாகத் தூக்கி, மதில் ஓரத்தில் கொண்டு வைத்தார்.

"மன்னிச்சுக்கோ. நீயும் மன்னிச்சுக்கோ. நோக்கு என்னம்மா பேரு, திப்பிலியா, மன்னிச்சு..."

"பேசப்படாது!" என்றாள் கமலா ஜன்னலிலிருந்து.

தீனியை இலைச்சருகுக்கடியில் ஒளித்து வைத்தாள். இன்று கிணற்றோரம், நாளை மரத்தடி, மறுநாள் எங்குமில்லை. காட்டிலிருந்து நாலு சாக்கு சருகு வரவழைத்தாள். அதோடு நத்தையும் புழுவும் வந்தன. ஒரு கோடை மழை பெய்து காளான் முளைத்தது. ஆமைகள் முதலில் திகைத்தன. பிறகு கிளற ஆரம்பித்தன. மதிலில் கரிக்கட்டியால் தினமும் எத்தனை வந்தன என்று எழுதினோம். பதினொன்று. பதினொன்று. பத்து. எட்டு. பதின்மூன்றாம் நாள் ஐந்து. அண்ணாவுக்கு ஒரு பக்கம் கவலை: ஊட்டுவதை நிறுத்தினால் மிளகு இறங்கிவிடுமோ என்று. அந்த வாரம் மிளகு இன்னும் ஏறிற்று.

"அப்போ பட்டினி போட்டதுலதான் ராசியோ?" என்றார் யோசனையோடு.

"அண்ணா, கமலா காதுல விழப்போறது."

முப்பதாம் நாள், சல்லடைச் சத்தம் கேட்டதும் பத்து ஆமைகள் சருகுக்குள் புகுந்து காணாமல் போயின. சருகு கொஞ்சம் அசைந்தது, அவ்வளவுதான். நாங்கள் கைதட்ட நினைத்தோம். கமலா விரலை உதட்டில் வைத்தாள். அப்போது படிக்குக் கீழே கரகரவென்று சத்தம். சுக்கு. ஒண்டியாக வந்து, கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றது. தூக்கினாலும் அதற்குப் பூகம்பம் இல்லை. ஆகாய விமானத்தில் ஏறியது போல் நாலு காலையும் ஆட்டிக்கொண்டு சுற்றிலும் வேடிக்கை பார்த்தது.

நாற்பதாம் நாளும் ஒன்று என்றுதான் மதிலில் எழுதினோம்.

ரேஞ்சர் வருகிற காலை நான் ஒரு காரியம் செய்தேன். பஜாரில் எல்லோரும் செய்கிற காரியம்தான். சுக்கை எடுத்து, என் மேஜைக்கடியில் இருந்த சாம்பிள் கூடையில் வைத்து, ஈரச் சாக்கைப் போட்டு மூடினேன். பிறகு கமலாவிடம், "எல்லாம் சரியாயிடும்," என்று மட்டும் சொன்னேன்.

"எப்படிச் சரியாகும்? சல்லடை விஷயமெல்லாம் நான் அவருக்குக் கடுதாசி எழுதியாச்சு."

நான் மேஜைக்கடியைத் திரும்பிப் பார்த்தேன். "எழுதிட்டியா? சரக்கோட குறையை வாங்க வர்றவன்கிட்ட விக்கறவனே சொல்லுவானா?"

"நான் விக்கலையே," என்றாள் கமலா.

ரேஞ்சர் ஜீப்பிலிருந்து இறங்கும்போது தூறல் ஆரம்பித்திருந்தது. பின்கட்டில் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்தார். கமலா ஜன்னலோரம் நின்றாள். புடவைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"பதினொண்ணையும் தேடிப் பிடிச்சுப் பார்க்க நேரமில்லை. உங்க பஜார் முறையிலயே குத்திப் பார்த்துடலாம்," என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். "அம்மா, சல்லடையை ஆட்டுங்கோ."

மூக்கம்மாள் ஆட்டினாள். மிளகு உருண்டது. முற்றத்தில் சருகு ஒரு தடவை சிலிர்த்து அடங்கியது. ஒரு நிமிஷம். இரண்டு நிமிஷம். மழைத்துளி பலா இலையில் விழும் சத்தம் மட்டும். ரேஞ்சர் முகம் மலர்ந்தது. கமலாவின் விரல் நின்றது. நான் மனசுக்குள் தேங்காய் உடைத்தேன்.

அப்போது எங்களுக்குப் பின்னால், ஆபீஸ் அறையில், ஏதோ கவிழ்ந்த சத்தம். பிறகு சிமெண்ட் தரையில் கரகர, கரகர. யாரும் திரும்பவில்லை. திரும்பத் தேவையே இல்லை. சுக்கு என் மேஜையைக் கடந்து, அண்ணாவின் செருப்பைக் கடந்து, வாசற்படியிலிருந்து பொத்தென்று விழுந்து, எழுந்து, ரேஞ்சரின் பூட்ஸில் முன்காலைத் தூக்கி வைத்து, கழுத்தை நீட்டியது. முதுகில் ஈரச் சாக்கின் நார் ஒன்று கொடி மாதிரி தொங்கிற்று.

"இது எங்கேர்ந்து வர்றது?" என்றார் ரேஞ்சர்.

கமலா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்குச் சல்லடை, குத்தூசி எதுவும் வேண்டாம்.

"ஸ்வாமி," என்றார் ரேஞ்சர் நிதானமாக, "பிடி மோசம்னா முழுச் சாக்கும் ரிஜெக்ட். நீர்தான் சொன்னீர். மூணு வருஷம் முன்னாடி, இதே எடத்துல."

மூன்று வருஷமும் பதினோரு உயிரும் என் வாயிலிருந்து வந்த ஒரு பெருமைப் பேச்சில் தொங்கின. கமலா கண்ணை மூடிக்கொண்டாள். அதைப் பார்த்ததும் என் தோளிலிருந்த துண்டு தானாகவே கைக்கு வந்துவிட்டது.

வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாமலிருக்கலாம்: எங்கள் பஜாரில் பேரம் வாயால் நடப்பதில்லை. கையின் மேல் துண்டைப் போட்டு, அதற்கடியில் விரல் பிடித்துத்தான் பேசுவோம். ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, முழுக் கையைப் பிடித்தால் ஐந்து. சுற்றி நிற்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. நான் ரேஞ்சரின் கையைப் பிடித்தேன், துண்டைப் போட்டேன்.

"ரேஞ்சரே, நீர் குத்தினது சாக்குல. வந்த பிடி நல்ல பிடி. இது சாக்குலேயே இல்லை, தனியா எடுத்து வெச்சது. அதுக்கு ரிஜெக்ட்னு பேரில்லை. தரம் பிரிக்கறதுன்னு பேர்."

"அப்படின்னா மேஜைக்கடியில ஏன் ஒளிச்சு வெச்சீர்?"

"பஜார்ல எல்லாரும் அங்கதான் தரம் பிரிப்பா."

அண்ணா இருமினார். ரேஞ்சர் கையை இழுத்துக்கொள்ளப் போகிறார் என்று நினைத்தேன். இழுக்கவில்லை. துண்டுக்கடியில் அவர் விரல்கள் அசைந்தன. என் முழுக் கையை ஒரு தடவை பிடித்தார். மறுபடியும் ஒரு தடவை. பத்து! காக்கிச்சட்டைக்கு விரல் பாஷை தெரிந்திருக்கிறது. பத்தும் காட்டுக்கு!

நான் ஒரு விரலைப் பிடித்தேன்: அந்த ஒன்றும். அவர் விரலை உதறினார். மறுபடியும் பிடித்தேன். இந்தத் தடவை அவர் உதறவில்லை. யோசித்தார். பிறகு என் கையை முழுசாக ஒரு தடவை, இன்னொரு தடவை, அப்புறம் நாலு விரலை மட்டும். பதினாலு.

பதினாலு என்ன? மாசமா? சுக்கு இன்னும் பதினாலு மாசம் இங்கே இருந்து பழக்கத்தை மறந்தால் அப்புறம் போகலாம் என்கிறாரா? அதுவும் நியாயம்தான். துண்டுக்கடியில் கேள்வி கேட்கக் கூடாது. ஒத்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் கையை எடுக்க வேண்டும். கையை அழுத்தினேன். பேரம் முடிந்தது. துண்டை எடுத்தேன்.

"டீச்சர், பத்தும் காட்டுக்குப் போறது," என்றார் ரேஞ்சர். "மழை நன்னாப் பிடிக்கட்டும், அடுத்த வாரம். இந்த மகானுபாவன் மட்டும் அடுத்த மழை வரைக்கும் இங்கயே இருக்கட்டும். புத்தி வந்தா அதுவும் போகும்." பிறகு வாசல் பக்கம் பார்த்து, "எடோ, அந்தக் கூடையை எடு," என்றார்.

டிரைவர் கொண்டு வந்த கூடைக்குள், சாத்துக்குடியைப் பாதியாக வெட்டிக் கவிழ்த்தது போல் நிறையக் குஞ்சுகள்.

"போன வாரம் பிடிச்சது. பதினாலு. உங்க ஆத்துக்காரர் கை அழுத்தி ஒத்துண்டாச்சு."

கமலா கூடையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், சிரிக்கத் தொடங்கினாள். நாற்பது நாள் சிரிப்பு மொத்தமும் ஒரே தவணையாக வந்தது. அண்ணாவும் சேர்ந்துகொண்டார். மூக்கம்மாள் கூடையை எட்டிப் பார்த்து, "ஆத்தி, பேருக்கு எங்கிட்டுப் போவேன்?" என்றாள்.

"உமக்கு விரல் பாஷை யார் சொல்லிக் குடுத்தா?" என்று ரேஞ்சரைக் கேட்டேன்.

"எங்க தாத்தா இந்தப் பஜார்ல வெல்லம் வித்தவராக்கும். முதல் நாளே சொல்லியிருப்பேன். நீர் எங்கே பேச விட்டீர்?"

அடுத்த வாரம் மழை பிடித்துக்கொண்டது. ஜீப்பில் சாலக்குடி தாண்டி மேலே காட்டுக்குப் போனோம். ரேஞ்சர், நாங்கள் இருவர், அண்ணா, மூக்கம்மாள். மூக்கம்மாள் மடியில் ஏதோ துணி மூட்டை. என்ன என்று கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பாதை முடிந்த இடத்தில் இறங்கி நடந்தோம். பிரம்புப் புதர்கள், மூங்கில், காலடியில் கணுக்கால் அளவுக்கு ஈரச்சருகு. அட்டைகள் அண்ணாவின் காலை விருந்தாக எடுத்துக்கொண்டன.

பத்தையும் ஒவ்வொன்றாகத் தரையில் வைத்தோம். வைத்ததும் ஓட்டுக்குள் போயின. நாங்கள் பத்தடி பின்னால் வந்து நின்றோம். கொஞ்ச நேரம் கழித்துத் திப்பிலி தலையை நீட்டியது. காற்றை முகர்ந்தது. ஒரு காலை எடுத்து வைத்தது, பிறகு இன்னொன்று. ஏலக்காய் வழியில் ஒரு காளானைக் கடித்தது. நின்று மென்று முடித்துவிட்டுப் போயிற்று. கடுக்காய் மரவேர் ஒன்றில் மல்லாக்க விழப் பார்த்து, சமாளித்துக்கொண்டது. ஒவ்வொன்றாகச் சருகுக்குள் நுழைந்தன. ஒன்று கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. வேண்டியதைப் பார்க்காமல் போவதற்கு மட்டாஞ்சேரியில் நாங்கள் ஆயுசு முழுக்கப் படாத பாடுபடுகிறோம்; இதுகளுக்கு அது மூன்றே நிமிஷத்தில் வந்துவிட்டது.

மூக்கம்மாள் மூட்டையைப் பிரித்தாள். உள்ளே சல்லடை. முந்தானை முடிச்சில் ஒரு பிடி மிளகு.

"டீச்சரம்மா, ஒரே ஒரு வாட்டி. போயிட்டு வாங்கன்னு சொல்லத்தேன்."

கமலா ரேஞ்சரைப் பார்த்தாள். ரேஞ்சர் காட்டைப் பார்த்தார். "ஆட்டு," என்றாள் கமலா.

மூக்கம்மாள் ஆட்டினாள். மழைக்குள் இன்னொரு மழை போல அந்தச் சத்தம் எழுந்தது. பிரம்புப் புதரின் கீழே ஒரு சருகு அசைந்தது. சருகு இன்னும் கொஞ்சம் உள்ளே போய் அடங்கியது. ஒன்றும் வெளியே வரவில்லை. அவள் இன்னும் ஒரு தடவை, வேகமாக ஆட்டினாள். ஒன்றும் வரவில்லை.

"வரலையே!" என்று கத்தினாள் மூக்கம்மாள். "சாமி, ஒண்ணு கூட வரலையே!" சல்லடையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு குதித்தாள். மிளகு அவள் தலையில் கொட்டியது. அண்ணா அட்டையை மறந்து கைதட்டினார். ரேஞ்சர் தொப்பியைக் கழற்றினார்.

நான் முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. முப்பது வருஷப் பழக்கம். பக்கத்து மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"ஏன்னா, அந்த மரத்துல அப்படி என்ன இருக்கு?" என்றாள் கமலா.

"ஒண்ணுமில்லை. மழைத்தண்ணி கண்ணுல பட்டுது."

அவள் என் தோளிலிருந்த துண்டை எடுத்தாள். துடைக்கக் கொடுக்கப் போகிறாள் என்று நினைத்தேன். கொடுக்கவில்லை. என் கையின் மேல் போட்டு, அதற்கடியில் தன் கையை நுழைத்து, என் ஒரு விரலைப் பிடித்தாள். ஒன்று. வீட்டில் ஒன்று பாக்கி இருக்கிறது, சுக்கு.

நான் அவள் முழுக் கையையும் பிடித்தேன். இரண்டு தடவை, அப்புறம் நாலு விரல்.

"அதுகளுக்கெல்லாம் குழாய் வழியாத்தான் தீனி," என்றாள் கமலா.

"சரி."

"பலாச்சுளை கீழே விழப்படாது."

கையை அழுத்தினேன். இந்தத் தடவை எதற்கு ஒத்துக்கொள்கிறேன் என்று தெரிந்தே அழுத்தினேன்.